நியூரோசர்ஜன்களின் உலகச் சங்கங்களால் நோயாளிக்கு என்ன லாபம்?

கேள்வி இது: "நியூரோசர்ஜன்கள் நாட்டுக்கு ஒரு சங்கம், கண்டத்துக்கு ஒரு சங்கம், உலகத்துக்கு ஒரு கூட்டமைப்பு என்று வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வெளிநாட்டில் கூடிக் கலைகிறார்கள். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஜி.ஹெச்சுக்கு வரும் ஆளுக்கு இதனால் என்ன லாபம்? எங்கள் வீட்டுப் பையன் நியூரோசர்ஜரியில் எம்.சிஎச். படிக்கிறான், மாநாட்டுக்குப் போகப் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?"

ஊர் சுற்றலும் உண்டுதான், அதை மறைப்பானேன். மாநாட்டில் கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மத்தியான அமர்வு முடியும் முன்பே கடைவீதிக்குக் கிளம்பிய டாக்டர்களை நானே பார்த்திருக்கிறேன். நான் நியூரோசர்ஜன் இல்லை, மயக்க மருத்துவன். மற்ற ஆபரேஷன்களில் நோயாளியின் தலைமாடு எங்கள் ராஜ்ஜியம். நியூரோ தியேட்டரில் மட்டும் சர்ஜன் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வார். நாங்கள் எங்கள் மெஷினோடு ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவோம். அந்த ஓரத்திலிருந்து பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். இந்தச் சங்கங்கள் எதிலும் நான் உறுப்பினர் இல்லை.

லாபம் உண்டு. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. "வெளிநாட்டு நிபுணர் வந்து அபூர்வ ஆபரேஷன் செய்தார்" என்று பேப்பரில் போட்டோவோடு வருமே, அதில் கிடைப்பது கொஞ்சம்தான். கேஸ் ஷீட்டில் நர்ஸ் எழுதும் ஒரு எண், போடாமல் விட்ட ஒரு ஊசி, தூர தேசம் போகாமல் பக்கத்திலேயே கிடைக்கும் பயிற்சி, மாவில் கலக்கும் ஒரு வைட்டமின் என்று பெரிய லாபமெல்லாம் போட்டோ எடுக்க முடியாத இடங்களில் இருக்கிறது.

சரி, முதலில் இந்தச் சங்கங்கள் எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம். இந்தத் துறையின் முதல் சங்கம் 1920இல் அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கும் அவர் சகாக்களும் தொடங்கியது. 1926இல் பிரிட்டனில் ஒன்று வந்தது. அன்றைக்கு உலகம் முழுக்க இருந்த நியூரோசர்ஜன்களை ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிடலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து பத்து வருடம் கழித்து, 1955இல், ஜெனீவாவில் சங்கங்களுக்கெல்லாம் ஒரு உலகக் கூட்டமைப்பு உருவானது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜெஃப்ரி ஜெஃபர்சன் முதல் தலைவர். 1957இல் பிரசெல்ஸில் முதல் மாநாடு. அப்புறம் நான்கு வருடத்துக்கு ஒன்று. 1989இல் டெல்லிக்கு வந்தது. ஆப்பிரிக்க மண்ணில் கால் வைக்க மட்டும் 2005 ஆகிவிட்டது. மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் நடந்தது. இப்போது இடைவெளி குறைந்திருக்கிறது. 2023இல் கேப் டவுன், 2025இல் துபாய். இன்று நூற்றுக்கு மேற்பட்ட தேசியச் சங்கங்களும் ஐந்து கண்ட அமைப்புகளும் இதற்குள் இருக்கின்றன. வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது உங்கள் பைக் ஆளை எடுத்துக்கொள்வோம். தாலுகா ஆஸ்பத்திரியில் முதலுதவி முடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது சீட்டில் ஜி.சி.எஸ். 9 என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு எண்ணை வைத்தே, ஆம்புலன்ஸ் வந்து சேருமுன் இந்தப் பக்கம் வென்டிலேட்டரையும் தியேட்டரையும் தயார் செய்யலாம். நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்பதற்குப் போடும் மார்க் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனெட்டும் 1974இல் வெளியிட்ட கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்ற அளவுகோல் இது; அதன் சுருக்கம்தான் ஜி.சி.எஸ். அதற்கு முன்பு "அரை மயக்கம்", "ஆழ்ந்த மயக்கம்", "கூப்பிட்டால் முனகுகிறார்" என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். ஒருவருடைய அரை மயக்கம் இன்னொருவருக்கு முக்கால் மயக்கம்.

ஜெனெட் அதோடு நிற்கவில்லை. கிளாஸ்கோவிலும் நெதர்லாந்திலும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸிலும் தலையில் பலத்த அடிபட்ட 700 பேரின் விவரத்தை ஒரே அளவுகோலால் அளந்து சேர்த்தார். 1977இல் வெளியான முடிவு பல பேருக்குக் கசந்திருக்கும். மூன்று இடத்திலும் சிகிச்சை முறை வேறு வேறு, ஆனால் செத்தவர்கள் மூன்று இடத்திலும் ஏறக்குறைய பாதிப் பேர். "எங்கள் முறைதான் சிறந்தது" என்று எவரும் மார்தட்ட முடியவில்லை. ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சங்கம் என்ற முறையில் உலகக் கூட்டமைப்பு நேரடியாகச் செய்த வேலை ஒன்றும் இதே ரகம். மூளையின் ரத்தக்குழாயில் பலூன் மாதிரி ஒரு புடைப்பு உருவாகி வெடித்தால், மூளையைச் சுற்றி ரத்தம் பரவும். அனூரிஸம் வெடித்துவிட்டது என்பார்கள். "வாழ்க்கையிலேயே இப்படி ஒரு தலைவலி வந்ததில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவார் நோயாளி. எவ்வளவு மோசம் என்று தரம் பிரிக்க ஆளாளுக்கு ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள். 1968இல் வந்த ஹண்ட்-ஹெஸ் அட்டவணை ரொம்பப் பிரபலம். இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதில் "மிதமான தலைவலி", "கடுமையான தலைவலி" என்றெல்லாம் வரும். தலைவலியை எந்தத் தராசில் நிறுப்பது? கனடாவின் சார்லஸ் டிரேக் தலைமையில் கூட்டமைப்பு ஒரு குழு போட்டு, 1988இல் பொது அட்டவணை ஒன்றை வெளியிட்டது. தலைவலியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜி.சி.எஸ். எண்ணையும் கைகால் பலவீனத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டது. 15 இருந்து பலவீனம் இல்லையென்றால் முதல் தரம். 13, 14 என்றால், பலவீனம் இல்லாவிட்டால் இரண்டாவது, இருந்தால் மூன்றாவது. 7 முதல் 12 வரை நான்காவது. 6க்கோ அதற்கும் கீழேயோ வந்துவிட்டால் ஐந்தாவது.

இதிலும் ஓட்டை உண்டு. இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே நோயாளிகள் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று பிற்பாடு கண்டார்கள். ஜப்பானியர்கள் முன்னின்று 2015இல் ஒரு திருத்தம் சொன்னார்கள்: பலவீனத்தைப் பார்க்க வேண்டாம், 14 என்றால் இரண்டு, 13 என்றால் மூன்று. அட்டவணை பொதுவாக இருந்ததால்தான் அதில் தப்பு எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. ஆளுக்கு ஒன்று வைத்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

போடாமல் விட்ட ஊசி என்றேனே, அதற்கு வருகிறேன். தலையில் அடிபட்டு வந்தால் ஸ்டீராய்டு போடும் வழக்கம் பல நாடுகளில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. அடிபட்டால் மூளை வீங்குகிறது, ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், ஆகவே போடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சின்னச் சின்ன ஆய்வுகள் வந்தன. ஒன்று நல்லது என்றது, ஒன்று பிரயோசனமில்லை என்றது. கடைசியில் கிராஷ் என்ற பெயரில் 49 நாடுகளில் 239 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது. ஜி.சி.எஸ். 14 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. 20,000 பேர் என்று திட்டம். 10,008 பேரோடு 2004இல் நிறுத்திவிட்டார்கள். காரணம், ஸ்டீராய்டு போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். அதாவது நல்லது என்று நினைத்துப் போட்ட ஊசியால் நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள்.

நூற்றுக்கு மூன்று என்பதை ஒரு டாக்டர் தன் வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். அவர் கண்ணுக்கு, தலையில் அடிபட்டவர்கள் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். இந்த ஆய்வை நடத்தியது சங்கங்கள் இல்லை, லண்டனில் உள்ள பொதுச் சுகாதாரக் கல்லூரி. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரே எண்ணைப் பேசத் தெரிந்த ஆஸ்பத்திரிகள் 49 நாட்டில் இல்லாமல் இப்படி ஒரு ஆய்வே சாத்தியமில்லை. இன்று உங்கள் பைக் ஆளுக்கு அந்த ஊசி போடுவதில்லை. இதைப் படித்துவிட்டு மூளைக் கட்டிக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்கள் யாரும் நிறுத்திவிடாதீர்கள். கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்துக்கு அது இன்றும் நல்ல மருந்து. கதை வேறு.

அடுத்தது ஆள் பஞ்சம். 2018, 2019 வாக்கில் வெளியான கணக்குகளின்படி உலகத்தில் மொத்தம் 49,940 நியூரோசர்ஜன்கள். ஒருவர்கூட இல்லாத நாடுகள் 33. வருடத்துக்கு 1.38 கோடிப் பேருக்கு மூளை, தண்டுவட ஆபரேஷன் தேவைப்படுகிறது. ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் அப்படித் தேவைப்படுகிறவர்களில் 50 லட்சம் பேருக்கு மேல் அது கிடைப்பதே இல்லை. இன்னும் 23,300 நியூரோசர்ஜன்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஒருவரை உருவாக்க எம்.பி.பி.எஸ். முடித்தபிறகும் ஆறு வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மூன்று வழி முயன்றார்கள். முதல் வழி, வெளிநாட்டு நிபுணர் பெட்டியோடு வந்திறங்கி இரண்டு வாரம் ஆபரேஷன் செய்துவிட்டுப் போவது. இரண்டாவது, அங்கிருந்து ஒருவரைப் பணக்கார நாட்டுக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைப்பது. மூன்றாவது, அக்கம்பக்கத்திலேயே ஒரு நல்ல மையத்தை வளர்த்து அங்கே படிக்க வைப்பது. முதல் வழியைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. கடினமான கேஸாகப் பார்த்து எடுத்து வைத்திருப்பார்கள். அவர் வந்து அருமையாகச் செய்வார். அவர் விமானம் ஏறிய மூன்றாம் நாள் நோயாளிக்கு மூளைநீர் கசியும், காய்ச்சல் வரும். பார்ப்பது யார்? நியூரோசர்ஜரியில் பாதி வேலை ஆபரேஷனுக்குப் பிறகுதான்.

இரண்டாவது வழியில் உள்ள சிக்கல் நமக்கே தெரியும். போனவர் திரும்ப மாட்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. லேசர், ரோபோ, எம்.ஆர்.ஐ. வசதியுள்ள தியேட்டரில் ஐந்து வருடம் பழகியவரை, கரண்ட் போனால் டார்ச் பிடிக்கும் இடத்துக்கு அனுப்பினால் அவருக்குக் கையே ஓடாது.

மூன்றாவது வழியின் உதாரணம் ரபாத். மொராக்கோவின் தலைநகரான ரபாத்தில் 2002இல் உலகக் கூட்டமைப்பு ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கியது. அதை முன்னின்று செய்தவர் அங்கேயே வேலை பார்த்த அப்தெஸ்லாம் எல் கம்லிச்சி என்ற பேராசிரியர். பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இளம் டாக்டர்களை உதவித்தொகையோடு வரவழைத்து, முழுப் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்புவது திட்டம். ரபாத்தில் பழகும் நோய்கள் அவர்கள் ஊரில் வரும் நோய்கள்: தாமதமாக வரும் பெரிய கட்டிகள், சீழ்க்கட்டிகள், பிறவிக் கோளாறுகள், சாலை விபத்து. பழகும் கருவிகளும் அவர்கள் ஊரில் வாங்கக்கூடியவை. அதனால் திரும்பிப் போனாலும் வேலை செய்ய முடிகிறது. கூட்டமைப்பின் தலைவராக 1997 முதல் 2001 வரை இருந்தவர் ஈரானில் பிறந்து ஜெர்மனியில் பேர்பெற்ற மஜித் சமீ. ஆப்பிரிக்காவுக்கு நூறு நியூரோசர்ஜன்களை உருவாக்குவது என்று பிற்பாடு அவர் எடுத்துச் சென்ற திட்டமும் இதே பாதையில் போனதுதான்.

நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. நம் கதையே இதுதான். ஜேக்கப் சாண்டி கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நியூரோசர்ஜரி துறையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நியூகாஸிலில் ரோபாத்தமிடம் பயின்ற பி. ராமமூர்த்தி, 1950இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார். அடுத்த வருடமே, 1951இல், இவர்கள் இருவரும் எஸ்.டி. நரசிம்மனும் பல்தேவ் சிங்கும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். நாட்டில் நியூரோசர்ஜன்களை விரல்விட்டு எண்ணலாம் என்றிருந்த காலம்; அதற்குள் சங்கம்! சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நரம்பியல் மருத்துவரையும் நியூரோசர்ஜனையும் ஒரே சங்கத்தில் உட்கார வைத்தார்கள் பாருங்கள், அது பெரிய காரியம். மற்ற பல நாடுகளில் இந்த இரண்டு சாரரும் தனித்தனிக் குடித்தனம்.

அவர்கள் வெளிநாட்டில் படித்தது ஒரு தலைமுறையோடு முடிந்தது என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அடுத்த தலைமுறை இங்கேயே படித்தது. டி.எஸ். கனகா 1968இல் நியூரோசர்ஜரி பட்டம் பெற்றது சென்னையில், ராமமூர்த்தியின் கீழ் பயின்று. ஆசியாவின் முதல் பெண் நியூரோசர்ஜன்களில் ஒருவர் அவர். பிள்ளையார் சுழி மட்டும் வெளியிலிருந்து வரலாம். கணக்கை இங்கேதான் எழுத வேண்டும். சாண்டி வேலூரில் தொடங்கி நாற்பது வருடத்தில் உலக மாநாடு டெல்லிக்கு வந்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

கற்றுக்கொடுப்பது எப்போதும் பணக்கார நாடு, கற்றுக்கொள்வது ஏழை நாடு என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த கதை உகாண்டாவின் கிழக்கே உள்ள ம்பாலே என்ற ஊரில் நடந்தது. அங்கே குழந்தைகளுக்கான நியூரோசர்ஜரி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க 2000ஆம் ஆண்டில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்கர் குடும்பத்தோடு போனார். வந்த குழந்தைகளில் ஏராளமானவர்களுக்குத் தலையில் நீர் கோர்த்திருந்தது. மூளைக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, தலை பூசணிக்காய் போல வீங்கிவிடும். இதற்கு உலகம் முழுக்க வழக்கமான வழி, ஷண்ட். தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் ஓட்டி, நடுவில் ஒரு வால்வு வைப்பார்கள்.

அமெரிக்க ஷண்ட்டின் விலை அப்போது சுமார் 650 டாலர். நம் உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்ட் சுமார் 35 டாலர். வார்ஃப் இரண்டையும் உகாண்டாக் குழந்தைகளுக்கு மாற்றி மாற்றி வைத்து ஒப்பிட்டு, ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் பலன் ஒன்றுபோலவே இருந்தது என்று 2005இல் எழுதினார். விலை பதினெட்டு மடங்குக்கு மேல், பலனோ ஒன்றே. இந்த ஒரு ஆய்வு வராமல் இருந்திருந்தால் எத்தனை ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகள் "மலிவு சரக்கு வேண்டாம்" என்று சொல்லி, ஷண்ட்டே இல்லாமல் இருந்திருக்கும்!

ஆனால் ஷண்ட்டில் வேறொரு வம்பு உண்டு. அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சில மணி நேரத்தில், அதிகம் போனால் சில நாளில் திரும்பத் திறந்து சரிசெய்ய வேண்டும். சென்னையில் இருக்கும் குழந்தையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடலாம். இரண்டு பஸ் மாறி ஒரு நாள் பயணம் செய்தால்தான் ஆஸ்பத்திரி என்ற இடத்தில், ஷண்ட் வைத்த குழந்தை தலைக்குள் ஒரு வெடிகுண்டோடு வீட்டுக்குப் போகிறது. வார்ஃப் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தார். எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, மூளையின் மூன்றாம் அறையின் தரையில் ஒரு சிறு துளை போட்டு நீருக்கு மாற்று வழி கொடுத்தார். கையோடு, அந்த நீரை ஊறவைக்கும் திசுவையும் சுட்டுக் குறைத்தார். குழாயே வேண்டாம். இரண்டும் தனித்தனியே பழைய முறைகள்தான், சேர்த்தது ம்பாலேயில். பிற்பாடு அவர் பாஸ்டனுக்குத் திரும்பியபோது இந்த முறையும் கூடவே போய், வட அமெரிக்க ஆஸ்பத்திரிகள் இதைச் சோதித்துப் பார்த்தன. 2017இல் உகாண்டாவில் 100 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருட முடிவில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் ஷண்ட்டுக்கும் இதற்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை என்று வந்தது. ஷண்ட்டை விட மேல் என்று வரவில்லை. ஆனால் குழாய் இல்லாமலே அதே பலன் என்றால், ஒரு நாள் பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கும் தாய்க்கு அது போதும்.

இன்னொரு கொசுறு. அந்தக் குழந்தைகளுக்கு ஏன் நீர் கோர்க்கிறது? பெரும்பாலும் பிறந்த சில வாரங்களில் வந்த தொற்றினால். எந்தக் கிருமி என்று வெகுகாலம் பிடிபடவில்லை. அமெரிக்க, உகாண்டா ஆய்வாளர்கள் சேர்ந்து தேடி, 2020இல் பேனிபேசில்லஸ் என்ற ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். ஷண்ட் தானம் செய்வதோடு நின்றிருந்தால் இந்தக் கேள்வியையே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தானம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெயர் வேண்டாம், ஒரு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டிலிருந்து தானமாக வந்த ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் ஒன்றைப் பார்த்தேன். வந்திறங்கிய அன்று மாலை மரியாதை எல்லாம் நடந்ததாம். பல்பு போயிற்று, அந்த மாடலுக்கு இங்கே பல்பு கிடைக்காது. நான் பார்த்தபோது அதன்மேல் யாரோ பச்சைத் துணி காயப்போட்டிருந்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹாக்லண்ட் 2007 முதல் உகாண்டாவின் முலாகோ ஆஸ்பத்திரியோடு வேலை செய்தபோது டன் கணக்கில் கருவிகள் அனுப்பினார். ஆனால் கூடவே அவற்றைப் பழுதுபார்க்கும் எஞ்சினியர்களையும் அழைத்துப்போனார். அங்கேயே நியூரோசர்ஜன்களை உருவாக்கும் பயிற்சியும் தொடங்கியது. கருவி அனுப்புகிறவர்கள் எல்லோரும் முதலில் பல்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

மாவுக்கு வருவோம். ஆபரேஷன் செய்பவர்கள் ஆபரேஷனே வேண்டியிராதபடி செய்யப் பாடுபட்ட கதை இது. அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். சில குழந்தைகள் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும். ஸ்பைனா பைஃபிடா என்பார்கள். பிறந்தவுடன் மூட வேண்டும், பலருக்குத் தலையில் நீரும் கோர்க்கும், கால் வராது, சிறுநீர் கட்டுப்பாடு வராது, வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரிதான். தாய்க்குக் கருத்தரிக்கும் முன்பே போதிய ஃபோலிக் அமிலம் கிடைத்தால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். 1991இல் 7 நாடுகளில் 33 மையங்களைச் சேர்த்து நடந்த ஆய்வு இதை நிரூபித்தது. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மாருக்கு மறுபடி அதே கோளாறு வருவது 72 சதவீதம் குறைந்தது.

மாத்திரை கொடுத்தால் ஆயிற்றே என்று தோன்றும். கருவின் முதுகுத்தண்டு மூடுவது சுமார் 28ஆம் நாளுக்குள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண்ணுக்குத் தெரிந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்குவதற்குள் நேரம் கடந்துவிடும். எனவே எல்லோரும் தினம் சாப்பிடும் மாவிலேயே கலந்துவிடுவதுதான் வழி. அமெரிக்கா 1998இலும் தென்னாப்பிரிக்கா 2003இலும் கட்டாயமாக்கின. மற்ற பல நாடுகள் அசையவில்லை. குழந்தைகளுக்கான நியூரோசர்ஜன்கள் நாடு கடந்து கைகோத்து, வேறு அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, இதை உலகச் சுகாதாரப் பேரவை வரை கொண்டுபோனார்கள். கொலம்பியா முன்மொழிய, 2023 மே மாதம் ஜெனீவாவில் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தால் மட்டும் மாவு மாறிவிடாது, அரசுகள் சட்டம் போட வேண்டும். ஆனாலும் சம்பாத்தியத்துக்கு வழியான ஒரு நோயை ஒழிக்க டாக்டர்களே கூட்டம் போடுவதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ரேஷன் கடையில் வந்த செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலமும் பி12உம் இருந்தன. அது ரத்தசோகையை மனதில் வைத்து அரசு கொண்டுவந்தது, நியூரோசர்ஜன்கள் கேட்டு வந்ததில்லை. கழுவும்போது சில மணிகள் மிதக்கின்றன என்று "பிளாஸ்டிக் அரிசி" எனப் பலர் பொறுக்கி எறிந்தார்கள். எறிந்தது அந்த வைட்டமினைத்தான்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் பைக் ஆளின் உயிர் பெரும்பாலும் இவர்கள் யார் கையிலும் இல்லை. தலையில் அடிபட்டு அவசர ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றி 57 நாடுகளில் 159 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக் கேம்பிரிட்ஜ் குழுவினர் நடத்திய ஆய்வு 2022இல் வந்தது, 1,635 நோயாளிகள். வசதி குறைந்த நாடுகளில் அடிபட்டதற்கும் ஆபரேஷனுக்கும் நடுவே நேரம் கூடுதலாக ஓடிவிடுகிறது என்று அது காட்டியது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தக்கட்டு சேர்ந்தால், எந்த உலகத் தலைவர் வந்து ஆபரேஷன் செய்தார் என்பதைவிட எத்தனை மணிக்குள் செய்தார்கள் என்பதுதான் பேசும். அது சாலை, 108, பக்கத்தில் சி.டி. ஸ்கேன், கையில் காசில்லாவிட்டாலும் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் திட்டம் ஆகியவற்றின் வேலை. அதற்கும் முன்னால் ஹெல்மெட். பைக் ஓட்டுகிறவர் போட்டிருந்தால் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் சாவு சுமார் 42 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பையனுக்குப் பணம் கொடுங்கள். ஆனால் பெரிய மாநாட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கென்றால் இப்போது வேண்டாம், காத்திருக்கட்டும். மாநாட்டுக்கு முந்தைய நாளில் நடக்கும் பயிற்சி வகுப்புகள், கை பழகும் பட்டறைகள் இவற்றுக்கு இடம் கிடைத்தால் போகச் சொல்லுங்கள். தன் வார்டு நோயாளிகளைப் பற்றி ஒரு போஸ்டராவது கொண்டுபோகட்டும். நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு மாதத்தில் வரும் தலைக்காயத்தை ஐரோப்பாவில் பல இடங்களில் ஒரு வருடத்தில்கூடப் பார்க்க மாட்டார்கள். அவன் வெறுங்கையோடு போகிற ஆள் இல்லை. படித்து முடித்தபின் சில மாத ஃபெலோஷிப்புக்கு சங்கங்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். பதிவுக் கட்டணம் பயிற்சி மாணவர்களுக்குப் பெரும்பாலும் குறைவு, முன்கூட்டிக் கட்டினால் இன்னும் குறையலாம். துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.